புவியியல் மனப்பாடப் பாடமா? சொந்த ஊரை வைத்தே சொல்லிக்கொடுக்க வழி கேட்கிறேன்

#1 நெய்தல்மணல்

வணக்கம். ராமேசுவரம் தீவில் இருக்கிறேன். மாலையில் பதினான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கணக்கு என்றால் மல்லுக்கட்டுவார்கள், அறிவியல் என்றால் கேள்வி கேட்பார்கள். புவியியல் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் கொட்டாவி.

போன வாரம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எது எங்கே இருக்குன்னு போனே சொல்லிடுதே அக்கா, அப்புறம் இதை எதுக்குப் படிக்கணும்?" சட்டென்று என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாரம் ஒன்றாகிறது.

தேடிப் படித்ததில், 1984-இல் அமெரிக்கப் புவியியல் ஆசிரியர்கள் ஐந்து கருப்பொருள்களை வகுத்தார்கள் என்று தெரிந்தது: அமைவிடம், இடம், மனிதனும் சூழலும், நகர்வு, வட்டாரம். இதை அப்படியே கரும்பலகையில் எழுதினால் இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊரை, முடிந்தால் தனுஷ்கோடியை வைத்து இவற்றைச் சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

#2 வகுப்பறை

நெய்தல்மணல், உங்கள் மாணவி கேட்டதுதான் சரியான தொடக்கம். இருபத்திரண்டு வருடமாக மேல்நிலை வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். முதல் நாள் நான் சொல்வது இதுதான்: "எங்கே" என்பதைப் போன் சொல்லட்டும். "ஏன் அங்கே, அங்கே இருப்பதால் என்ன ஆகிறது, அது எதோடு தொடர்பில் இருக்கிறது" என்று கேட்பதுதான் நம் வேலை.

அமைவிடத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று எண்ணில் சொல்வது. தனுஷ்கோடி ஏறத்தாழ 9.15° வடக்கு, 79.4° கிழக்கு. இது மாறாது. இன்னொன்று மற்ற இடங்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஒரு ஊரை வாழவைப்பதும் கைவிடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

தனுஷ்கோடிக்கே வருகிறேன். 1914-க்கு முன் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் தூத்துக்குடி வரை ரயிலில் போய் அங்கே கப்பல் ஏறினார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறிய பயணி நேராகத் தனுஷ்கோடி துறைக்கு வந்து, நீராவிக் கப்பலில் இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு போனார். அதுதான் போட் மெயில். மணலும் காற்றும் மட்டும் இருந்த ஒரு முனை, இரண்டு நாடுகளுக்கு நடுவே வாசற்படி ஆகிவிட்டது. சுங்கம், தபால், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் வந்தன. 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயில் கடலோடு போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: 1913, 1963, 1965, இன்று. நான்கு வருடத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒன்றுதான். அப்படியானால் மாறியது என்ன? அவர்களே சொல்வார்கள்.

#3 மன்னார்க்கரை

அக்கரையிலிருந்து, இலங்கைப் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பம்மா தலைமன்னாரில் வளர்ந்தவர். தனுஷ்கோடியை அவர் வெளிநாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை, "அங்கால" (அந்தப் பக்கம்) என்றுதான் கதைப்பார். இடையில் கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான்.

புயலுக்குப் பிறகும் கப்பல் ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடியது. 1980-களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 1990-இல் மதவாச்சி–தலைமன்னார் புகையிரதப் பாதையும் போயிற்று. 2015-இல்தான் பாதையைத் திரும்பப் போட்டார்கள். புகையிரதம் வருகிறது, ஆனால் இறங்குதுறைக்குப் போக ஆளில்லை. வரைபடத்தில் தலைமன்னார் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்களுக்கு அது வாசல் என்ற நிலையிலிருந்து பாதையின் கடைசி என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு நான் ராமேசுவரம் வர வேண்டுமென்றால் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கொழும்புக்கோ வடக்கே யாழ்ப்பாணத்துக்கோ போய், விமானம் ஏறி, மதுரையிலோ சென்னையிலோ இறங்கி, மறுபடி ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது, அது ஒரு ஆறுதல். ஆனாலும் கரையில் நின்றால் இரவில் அங்கால வெளிச்சம் தெரிகிற ஊருக்கு இப்படித்தான் வர வேண்டியிருக்கிறது. தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் சொல்ல முடியாது என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்னொன்று. இலங்கையின் தென்கரையில் உள்ள காலி (Galle) என்ற ஊரின் துறைமுகத்தையும் பாருங்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து கப்பல் போக்குவரத்து பெருகியது. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி 1885-இல் முடித்தார்கள். அதுவரை பெரிய கப்பல்கள் நின்று சென்ற காலி பின்னுக்குப் போய்விட்டது. காலியில் புயலும் இல்லை, போரும் இல்லை. கப்பல்களுக்குக் கொழும்பு வசதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

#4 நெய்தல்மணல்

மன்னார்க்கரை அண்ணா, உங்கள் பதிவைப் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "அங்கால" என்றதும் ஒரே சத்தம். இங்கேயும் பெரியவர்கள் "அக்கரை" என்றுதான் சொல்கிறார்கள்.

டீச்சர், நீங்கள் சொன்ன நான்கு வருடக் கேள்வியைக் கேட்டேன். ஒரு பையன் விடவில்லை. "புயல்தானே அக்கா ஊரை அழிச்சது? இதுல ரயிலும் கப்பலும் எங்க வருது?" என்கிறான். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

#5 வகுப்பறை

கெட்டிக்காரப் பையன். அவனுக்குச் சொல்லுங்கள்: புயல் அடித்தது ஏன் என்பது ஒரு கேள்வி, அடித்த பிறகு ஊர் எழாமல் போனது ஏன் என்பது வேறு கேள்வி. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் அடிபட்ட அடி கொஞ்சமல்ல. அங்கே துறைமுகமும் சந்தையும் மாவட்டத் தலைமையிடமும் மீன்பிடியும் இருந்தன. ஊர் திரும்ப எழுந்தது. தனுஷ்கோடியைத் தாங்கி நின்றது ஒரே தூண், அந்தக் கப்பல்துறை. துறை ராமேசுவரத்துக்கு மாறியதும் அந்த மணலில் மறுபடி தண்டவாளம் போட வலுவான காரணம் இல்லாமல் போனது. இது என் கருத்து, ஆனால் உறுதியான கருத்து.

இங்கே தரையமைப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் நின்ற தரை ஒரு மணல்நாக்கு. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாடப்புத்தகப் பெயர்களைவிட நல்ல பெயர் தெரியும்: பெண்கடல், ஆண்கடல். அமைதியான கடலையும் சீறும் கடலையும் தனித்தனியே அறிந்து பெயர் வைத்திருக்கிறார்களே, அதுவும் புவியியல்தான். அதே மணலில் கையால் இரண்டு மூன்று அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். சுற்றிலும் கடல் உள்ள இடத்தில் ஜனங்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதற்கு அந்தக் குழிதான் பதில். ஒருநாள் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய்த் தோண்டச் சொல்லுங்கள். 2017-இலிருந்து சாலை இருக்கிறது.

ஒரு ஊர் எந்தத் தரையில் நிற்கிறது என்பது ஒன்று, எந்த வழியில் நிற்கிறது என்பது மற்றொன்று. தனுஷ்கோடிக்குத் தரை எப்போதும் பலவீனம், வழிதான் பலம்.

#6 சங்கிலி_66

ஓய்வுபெற்ற நில அளவர் நான். 66 அடிச் சங்கிலியை வெயிலில் இழுத்துப் பழகிய கை. இதுவரை யாரும் அளவையைப் பற்றிப் பேசாததால் எழுதுகிறேன். அதில் இடறினால் மற்ற எல்லாமே இடறும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீருங்கள். பெரிய அளவை வரைபடம் என்றால் பெரிய பரப்பைக் காட்டுவது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நேர் எதிர். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது ஒவ்வொரு புலத்துக்கும் நில அளவைத் துறை வரைந்து வைக்கும் படம், 1:1,000, 1:2,000 போன்ற அளவையில் இருக்கும். ஒரு புல எண், அதன் கல், அதன் வரப்பு. அதுதான் பெரிய அளவை. சுவரில் மாட்டிய உலகப்படம் கோடிக்கணக்கில் ஒரு பங்கு. அது சிறிய அளவை. ஒன்றைக் கீழே பெரிய எண்ணால் வகுத்தால் கிடைப்பது சிறியது, அவ்வளவுதான் கணக்கு.

சரி, இதனால் என்ன வந்துவிடும் என்றால், ஒரு நாட்டின் நீளமே மாறும். இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று நாமெல்லாம் படித்தோம். அது 1970-களில் 1:45,00,000 அளவையில் எடுத்தது. அண்மையில் 1:2,50,000 அளவையில் திரும்ப அளந்தபோது 11,098 கிலோமீட்டர் வந்தது. தமிழ்நாடு 906-லிருந்து 1,068 ஆனது. மேற்கு வங்கம் 157-லிருந்து 721! ஒரு பிடி மண் கூடவில்லை. சுந்தரவனத்துக் கழிமுகங்களும் ஓடைகளும் பழைய படத்தில் ஒரே கோட்டில் அடங்கிவிட்டன, புதிய படத்தில் ஒவ்வொரு வளைவும் எண்ணிக்கைக்கு வந்தது. இன்னும் பெரிய அளவையில் அளந்தால் இன்னும் கூடும். ஆகவே "கடற்கரை எத்தனை நீளம்" என்று யாராவது கேட்டால், "எந்த அளவையில்?" என்று உங்கள் பிள்ளைகள் திருப்பிக் கேட்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க எளிய வழி உண்டு. கரையோரமாக நூறு மீட்டர் தூரம் எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான கயிற்றில் ஒருவன் அளக்கட்டும், அலை ஒதுக்கிய விளிம்பைச் சாண் சாணாக இன்னொருவன் அளக்கட்டும். இரண்டு விடை வரும். எது சரி என்று சண்டை போடவிடுங்கள்.

#7 நொய்யல்காரன்

திருப்பூரில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிற வேலை. மன்னார்க்கரை சூயஸ் பற்றிச் சொன்னதும் நான் நினைத்தது 2023 கடைசியை. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும் பெரிய நிறுவனங்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றித் திருப்பிவிட்டன. தூத்துக்குடியில் ஏறிய எங்கள் பெட்டி ஐரோப்பா போய்ச் சேர இரண்டு வாரம் வரை கூடுதலானது, கூலியும் ஏறியது. திருப்பூர் நகரவில்லை, ஐரோப்பாவும் நகரவில்லை. ஆனால் எங்கள் கணக்கில் ஐரோப்பா ஒரே மாதத்தில் தள்ளிப்போனது. கோடைக்கு விற்க வேண்டிய பனியன் கோடை தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தால் அதை யார் வாங்குவார்?

சூயஸ் திறந்தபோது லண்டன்–பம்பாய் கடல்வழி ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. 150 வருடம் கழித்து அந்தக் குறைவு என்னவென்று அது இல்லாமல் போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

1970-இல் வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் சொன்னதைப் பலரும் முதல் விதி என்கிறார்கள்: எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையவை, ஆனால் அருகில் இருப்பவற்றுக்குள் தொடர்பு அதிகம். நான் இதோடு ஒரு கேள்வியைச் சேர்ப்பேன்: அருகில் என்றால் எதில் அருகில்? மீட்டரிலா, மணியிலா, ரூபாயிலா? இன்றைக்குத் திருப்பூருக்கு ரோட்டர்டாம் துறைமுகம் ஒருவகையில் பக்கம், முப்பது கிலோமீட்டரில் பேருந்து போகாத ஒரு மலைக்கிராமம் தூரம்.

#8 கரிசல்காட்டான்

மனிதனும் சூழலும் என்ற தலைப்புக்கு எங்கள் பக்கம் வாருங்கள். சிவகாசி. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. தீக்குச்சி மருந்தும் வெடிமருந்தும் காய இதைவிட நல்ல ஊர் ஏது? மானாவாரிக் கரிசலில் வருடத்தில் பாதி நாள் வேலை இல்லை, அதனால் ஆள் கிடைத்தார்கள். மண்ணும் வானமும்தான் தொழிலைத் தீர்மானித்தன. இதை ஒரு பாடமாகவே எடுக்கலாம்.

#9 வகுப்பறை

கரிசல்காட்டான் சார், இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. பாடமாக எடுத்தால் இந்த மறுப்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வறண்ட ஊர்தான் காரணம் என்றால் கோவில்பட்டிக்கு மேற்கிலிருந்து ராமநாதபுரம் வரை ஒவ்வொரு வறண்ட ஊரிலும் பட்டாசு செய்திருக்க வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால்? பிறகு பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அதற்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர், டைரி. அச்சடிக்க வறண்ட வானம் கட்டாயமில்லை. முதல் தொழில் அங்கே இருந்தது, அதைத் தொட்டு அடுத்தது வந்தது.

சூழலே மனிதனைத் தீர்மானிக்கிறது என்று நூறு வருடத்துக்கு முன் புவியியலில் ஒரு பெரிய கூட்டம் சொன்னது. வெப்ப நாட்டுக்காரன் சோம்பேறி என்பது போன்ற பேச்சுக்கெல்லாம் அது துணைபோனது. பிரான்சில் விதால் தெ லா பிளாஷ் என்ற புவியியலாளரின் வழிவந்தவர்கள் மறுத்தார்கள்: இயற்கை சில வாசல்களைத் திறந்து வைக்கிறது, எந்த வாசலில் நுழைவது என்று மனிதன் முடிவெடுக்கிறான் என்பது அவர்கள் பக்கம். நம் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். "வறண்ட மாவட்டம், அதனால் ஏழை மாவட்டம்" என்ற வரியை ராமநாதபுரத்துப் பிள்ளை கேள்வி கேட்காமல் எழுதக்கூடாது.

#10 கரிசல்காட்டான்

டீச்சர், ஏற்றுக்கொள்கிறேன், முழுதாக இல்லை. கல்கத்தாவில் கற்றவர்கள் சிரபுஞ்சியில் போய்த் தொழிலைத் தொடங்கியிருந்தால் குச்சி காய்ந்திருக்காது. வாசல் இருந்தது, நுழைந்தவர்கள் இருந்தார்கள், இரண்டும் வேண்டும் என்று எழுதினால் எனக்குச் சம்மதம்.

பரவலைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். சீமைக்கருவேலம். விறகுக்கும் வேலிக்கும் என்று விதைத்தது. நெற்றை ஆடு தின்னும், விதை செரிக்காது, அடுத்த கண்மாயில் சாணத்தோடு விழும். நான் சிறுவனாக இருந்தபோது ஆட்டுக்கிடை போட்ட இடமெல்லாம் அடுத்த மழையில் சீமைக்கருவேலக் கன்று நிற்கும். கண்மாய்க்குக் கண்மாய், அடுத்தடுத்து, ஒரு ஊரையும் தாண்டாமல் வந்தது. இது ஒருவகைப் பரவல். துணிக்கடையில் வரும் புது மோஸ்தர் வேறு மாதிரி வரும்: சென்னை, மதுரை, பிறகு பரமக்குடி, பிறகுதான் கிராமம். நடுவில் இருக்கிற ஊர்களைத் தாண்டி, பெரிய ஊரிலிருந்து சின்ன ஊருக்குக் குதித்து இறங்கும். ஸ்வீடனில் ஹேகர்ஸ்ட்ராண்ட் என்பவர் 1953-லேயே இந்த மாதிரி விஷயங்களை ஊர் ஊராகக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். ஒன்று எப்படிப் பரவுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடுக்கலாம் என்றும் தெரியும்.

#11 முதல்_கரு_உரி

தமிழ் இலக்கியம் படித்தவள். வட்டாரம் என்ற கருத்தைச் சொல்லும்போது திணையை விட்டுவிடாதீர்கள்.

திணையை ஐந்து நிலம் என்று மட்டும் பள்ளியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும் சேர்த்து. இடத்தை நேரத்திலிருந்து பிரிக்கவே இல்லை. நெய்தல் என்றால் கடற்கரை மட்டுமல்ல, அங்கே எற்பாடு என்ற, வெயில் சாயும் பொழுதும், புன்னையும், மீனும் உப்பும், காத்திருக்கிறவளின் இரங்கலும் சேர்ந்ததுதான் நெய்தல். ஒரு வட்டாரம் என்பது எத்தனை அடுக்கு சேர்ந்தது என்று இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

பாலைக்குத் தனி நிலமில்லை என்பதையும் சொல்லுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெடும்போது பாலை ஆகின்றன என்கிறது சிலப்பதிகாரம். வட்டாரம் நிலையானதல்ல, ஒரு நிலம் இன்னொன்றாக மாறும் என்ற அறிவு அதில் இருக்கிறது. ஒரு திணைக்கு உரியது இன்னொன்றில் வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்றார்கள். மயக்கம் என்றால் அங்கே கலத்தல். இரண்டு வட்டாரங்களுக்கு நடுவே கத்தியால் வெட்டிய கோடு இருக்காது, கலங்கிய ஒரு பட்டைதான் இருக்கும் என்பதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது.

#12 சங்கிலி_66

அம்மா சொல்வது அருமை. ஆனால் எங்கள் துறையில் கோடு வெட்டித்தான் ஆக வேண்டும், பட்டா கலங்கிய பட்டையில் கொடுக்க முடியாது. அதனால் கோடு யாருக்காக, எதற்காக என்று கேட்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

மாவட்டக் கோடு நிர்வாகத்துக்கு. மழைக்கு அந்தக் கோடு தெரியாது. கோவை மாவட்டத்தையே எடுங்கள். வால்பாறை மேலே சின்னக்கல்லாறு, தென்னிந்தியாவிலேயே அதிகமாக மழை கொட்டும் இடங்களில் ஒன்று. கீழே கோவை நகரம் மலையின் மழைமறைவில். இரண்டையும் கூட்டி வகுத்து மாவட்டச் சராசரி என்று ஒரு எண் கொடுத்தால் அந்த எண்ணுக்கு உரிய மழை அந்த இரண்டு இடத்திலும் பெய்திருக்காது. கோட்டை நகர்த்தினால் சராசரியும் நகரும். மழைக்கு மட்டுமல்ல, வறுமை, படிப்பு, நோய் எதற்கும் இதே கதைதான். செய்தியில் மாவட்ட வாரியாக வண்ணம் தீட்டிய படம் வந்தால் நான் முதலில் பார்ப்பது எல்லைக்கோட்டைத்தான்.

நிர்வாகக் கோடு இல்லாமலே வட்டாரங்கள் உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு எங்கிருந்தெல்லாம் வண்டி வருகிறது, கேரளத்தில் எங்கெல்லாம் போகிறது என்று புள்ளி வைத்தால் ஒரு வட்டாரம் கிடைக்கும். மாநில எல்லை அதை வெட்டாது. கொங்கு நாடு என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பத்துப் பேரை வரையச் சொன்னால் பத்துப் படம் வரும், ஆனால் கொங்கு நாடு இல்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

#13 நெய்தல்மணல்

அளவையைப் பற்றி ஐயா சொன்னதை இங்கே இன்னொரு வகையில் பயன்படுத்தினேன். "உங்க அப்பா நேத்து ஏன் கடலுக்குப் போகல?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். "டீசலுக்குக் காசு இல்ல" என்றான். இன்னொருவன் "தடைக்காலம்" என்றான். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரை முழுவதற்கும் ஒரே தடை. பெரிய பெண் ஒருத்தி "எல்லைக்கோடு" என்றாள். 1974, 1976 ஒப்பந்தங்களில் இரண்டு அரசுகள் கடலில் போட்டது. மூன்றும் உண்மை. ஒன்று வீட்டு அளவில், ஒன்று கரை அளவில், ஒன்று நாட்டு அளவில். ஒரே படகு, எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் காரணம் மாறுகிறது. அன்றைக்கு யாரும் கொட்டாவி விடவில்லை.

ஒரு சந்தேகம். அமைவிடம் புரிகிறது. "இடம்" என்று தனியாக ஒன்று ஏன்?

#14 மன்னார்க்கரை

சின்னதாகச் சொல்கிறேன். யி-ஃபூ துவான் என்ற புவியியலாளர் இதை வாழ்நாள் முழுக்க யோசித்தவர். வெறும் வெளி, நாம் பழகிப் பொருள் கொடுக்கும்போது இடமாகிறது என்பது அவர் எண்ணம்.

உங்கள் பக்கம், பாம்பன் பாலத்துக்கு அப்பால் மண்டபம் என்ற ஊரில், "மண்டபம் கேம்ப்" என்று ரயில் நிலையப் பெயரே இருக்கிறதே. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரை நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைத்த முகாம் அங்கே இருந்தது. பின்னாளில் இங்கிருந்து அகதியாகப் போன எம்மவர்களும் அதே மண்டபத்தில்தான் இருந்தார்கள். என் சித்தப்பா மூன்று வருடம் அங்கே இருந்தார். ரயிலில் போகிறவருக்கு அது ஒரு நிறுத்தம். அவருக்கு அப்படி இல்லை. அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிடுவார்.

#15 நெய்தல்மணல்

அண்ணா, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தனுஷ்கோடியில் பிறந்தவர். குடும்பம் ராமேசுவரம் வந்து அறுபது வருடம் ஆகிறது. அரிச்சல்முனைப் பக்கம் போகும்போதெல்லாம் "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார். அங்கே அவருக்கு வீடு இல்லை, தேவாலயத்துச் சுவர் மட்டும் நிற்கிறது. அவரை வகுப்புக்கு அழைத்திருக்கிறேன்.

நேற்றுப் பிள்ளைகளை வரைபடம் வரையச் சொன்னேன். புத்தகத்தைப் பார்க்காமல், "உங்களுக்குத் தெரிந்த உலகம்" என்று மட்டும் சொன்னேன். பெரும்பாலோர் வீடு, பள்ளி, கோயில், பஸ் ஸ்டாண்டு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தாளின் கீழ் ஓரத்தில் மட்டும் கரையை ஒரு கோடாகப் போட்டு, மீதித் தாள் முழுக்கக் கடல் வரைந்திருந்தான். கடலுக்குள் ஏழெட்டுப் பெயர்கள். பாறை, சேறு, பவளம் என்று அடியில் என்ன இருக்கிறது என்றும், எந்த மாதம் எந்த மீன் என்றும் பென்சிலில் எழுதியிருந்தான். அப்பாவும் தாத்தாவும் சொன்னதாம். அளவை போடவில்லையே என்று கேட்டேன். மூலையைக் காட்டினான். சின்னக் கோடு, பக்கத்தில் "அரை மணி நேரம், காற்று இல்லாதப்போ" என்று எழுதியிருந்தது.

போனைப் பற்றி அன்றைக்குக் கேள்வி கேட்ட பெண் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டது: "2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயிலை நிறுத்தினாங்க, மண்டபத்தோட நின்னுச்சு. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்துச்சு. அந்த நடுவுல நம்ம ஊர் எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருந்துச்சு அக்கா? அளக்க முடியுமா?"

அளந்து பார்க்கப் போகிறோம். மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடித்த நேரம், கூடுதல் செலவு, அந்த நாட்களில் கடைவீதி வியாபாரம் எப்படி இருந்தது என்று தெருத்தெருவாகக் கேட்கப் பிள்ளைகளே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சங்கிலி ஐயா, நேரத்தையும் செலவையும் ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது என்று சொல்லுங்கள். 2022-க்கு முந்தைய ரயில் கால அட்டவணை யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், சனிக்கிழமைக்குள் வேண்டும்.